தம்பியின் குரலை வாங்கி வரப் போனேன்

எங்கள் அம்மாவுக்குக் கண் தெரியாது. அதனால்தான் நான் செங்கல்பட்டுக்குப் போனேன்.

மலேசியாவில், தைப்பிங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தம்பி தியாகுவின் படம் மாலையோடு தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம், "என்னமா சிரிக்கிறான் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் அம்மா பொறுமை இழந்துவிட்டார். "படத்த வச்சிக்கிட்டு நான் என்னா செய்யட்டும்? தடவிப் பார்த்தா கண்ணாடிதான் தட்டுப்படுது. அவன் பேசுனது ஏதாச்சும் இருந்தா போட்டுவிடு" என்றார். சர்க்கரை நோய் அவர் கண்ணை எடுத்துக்கொண்டு வெகு காலம் ஆகிறது.

தேடினேன். இந்தக் காலத்தில் ஒருவன் குரல் இல்லாமல் போகுமா என்று நீங்கள் கேட்கலாம். போகும். என் மகள் சுபாவின் சடங்கு வீடியோவில் தியாகு வாயை அசைக்கிறான். மேலே வீடியோக்காரர் சினிமாப் பாட்டைப் போட்டு அமுக்கிவிட்டார். அம்மாவின் பழைய போனைக் கடையில் கொடுத்துப் புதிது வாங்கியபோது உள்ளே இருந்ததெல்லாம் அதோடு போய்விட்டது. மற்ற வீடியோக்களில் அவன் கேமராவுக்குப் பின்னால். அம்மாவுடன் தினமும் போனில் பேசினான். பெற்ற தாயிடம் பேசுவதை யார் பதிவு செய்து வைக்கிறார்கள்?

என்னிடம் அவன் பேசியே வருடங்கள் ஆகியிருந்தன. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஒலிப்பதிவு படிக்கப் போகிறேன் என்று சென்னைக்குக் கிளம்பிய அன்று நான் சொன்னேன்: "சத்தம் பிடிக்கிறதெல்லாம் ஒரு வேலையாடா? நாய் பிடிக்கிறவன்கூட உருப்படியா ஒண்ணைப் பிடிச்சிட்டு வர்றான்." அதற்குப் பிறகு எனக்கு எழுத்தில்தான் வந்தான். 'சாப்டியா', 'அம்மா மருந்து', 'சரி'. போன வருடம் ஒரு மழைக் காலையில் கடற்கரைச் சாலையில் அவன் பைக்கை லாரி அடித்தது. பெட்டியில் வந்தான். நான் வாயால் அவனிடம் கடைசியாகச் சொன்னது அந்த நாய் பிடிக்கிற வாக்கியம்தான். இதை எழுதும்போதும் நெஞ்சு எரிகிறது.

இந்த நிலையில்தான் அவனுடைய கூட்டாளிகளிடமிருந்து கடிதம் வந்தது. மாமல்லபுரத்துப் பக்கம் அவர்கள் நடத்தும் கலைக்கூடத்தில் தியாகு பிடித்த சத்தங்களை வைத்து ஒரு நிகழ்ச்சி. அக்கா வந்து அவன் சாமான்களையும் எடுத்துப் போக வேண்டும். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "சத்தம் பிடிக்கிறவன்கிட்ட அவன் குரல் இல்லாமயா போகும்? போய் வாங்கிட்டு வா" என்றார், ஏதோ சந்தைக்கு அனுப்புகிற மாதிரி. பள்ளி விடுமுறை, பள்ளிக்குள் நான் நடத்தும் சிற்றுண்டிச்சாலைக்கும் விடுமுறை. அம்மாவைச் சுபாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் எஸ்தர் ஸ்கூட்டரோடு நின்றாள். கலைக்கூடத்தை நடத்துகிறவர்களில் அவள் ஒருத்தி. பகலில் மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை, மற்ற நேரத்தில் புத்தகம் அச்சடிக்கிறாள். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாக்கா, மொதல்ல நாஸ்தா துன்னலாம்" என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். வடையை உதிர்த்துக் குழம்பாக்கியவனுக்குக் கோயில் கட்டலாம். எங்கள் ஊரில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவுக்குத் தரும் பருப்புக்கறியை இனி நான் எப்படி மரியாதையாகப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. தேநீர் விஷயம் வேறு. ஒரு மிடறுக்கு ஒரு கிளாஸ். எங்கள் ஊரில் தே தாரிக், அதாவது நீளமாக இழுத்து ஆற்றிய டீ, குவளையில் வாங்கினால் ஒரு சண்டையைத் தொடங்கி முடிக்கலாம். மூன்று கிளாஸ் கேட்டேன். கடைக்காரர், "இன்னாம்மா, யார்னா வராங்களா?" என்று கேட்டார்.

எஸ்தர் வீட்டில் அவள் அப்பாவும் அம்மாவும் எனக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுக் கீழே படுத்தார்கள். தியாகு அந்தக் கட்டிலில்தான் காய்ச்சலோடு பத்து நாள் கிடந்தானாம். வீட்டுக்குச் சொல்லவேயில்லை.

மறுநாள் எஸ்தர் வேலைக்குப் போனாள். நான் தனியாக மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினேன். திருக்கழுக்குன்றம் நெருங்கும்போது 'டமார்' என்றது. "எறங்கு, எறங்கு. டயரு பூட்ச்சி. பின்னால வர்ற வண்டில ஏறிக்கோ" என்று நடத்துநர் எல்லாரையும் வெயிலில் இறக்கிவிட்டார். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. மலைக்கோயிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளிடம் தினமும் கோயில் சோறு தின்ன வரும் கழுகு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன்.

"கழுகா? அதுங்க வர்றத நிறுத்தி எத்தினி வர்சம் ஆவுது. நீ வேற."

"பிறகு ஏன் எல்லாரும் மேலயே பார்க்கிறாங்க?"

"நீ இன்னாத்துக்குப் பாத்த? அதுக்குத்தான்" என்றார். ஒரு வெள்ளரிக்காயைக் கீறி மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்தார். வெயிலில் அது அமிர்தமாக இருந்தது.

அந்தக் கலைக்கூடத்தை அக்கம்பக்கத்தில் 'தொட்டி' என்றுதான் சொல்கிறார்கள். முன்பு அது இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை. மாமல்லபுரத்துக்கு வடக்கே சவுக்குத் தோப்பை ஒட்டிக் கொட்டகையும், அதற்குள் ஆள் உயரத்துக்கு ஆறு சிமெண்டுத் தொட்டிகளும். பண்ணை நொடித்த பிறகு இவர்கள் வாடகைக்கு எடுத்து, ஏணி வைத்துத் தொட்டிக்குள் இறங்கிப் படம் பார்க்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், புத்தகம் வாசிக்கிறார்கள். உப்பு வாடை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை.

பாபு வாசலிலேயே காத்திருந்தான். திருக்கழுக்குன்றத்துப் பையன், முப்பது வயதிருக்கும். தியாகுவிடம் தொழில் கற்றவன். "இன்னாக்கா, பஸ்ஸு பஞ்சராமே. ஒரு போன் பண்ணா நான் வண்டில வந்துருப்பேன்ல" என்று என் பையை வாங்கிக்கொண்டான். உள்ளே மேசைமேல் தம்பியின் சாமான்களைத் துணி விரித்து அடுக்கி வைத்திருந்தான். நான்கு சட்டை, காதில் மாட்டும் கருவி, காற்றுச் சத்தம் நுழையாமல் இருக்க மயிர்ப்போர்வை போர்த்திய மைக், ஒரு நோட்டுப் புத்தகம். மைக்கைத் தடவினேன். பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

"தம்பி, அவன் பேசினது வேணும். அம்மாவுக்கு. வேற ஒண்ணுமே வேணாம்" என்றேன்.

பாபு அதை விட்டுவிட்டு, தியாகு வேலை செய்யும் முறையை விளக்கத் தொடங்கினான். "எங்க போனாலும் மொதல்ல மைக்கைத் தொறந்து எடம், நேரம், பேரு சொல்லுவாருக்கா. அப்பறம் ஒரு நிமிசம் யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. சும்மா இருக்கிற எடத்தை மட்டும் புடிப்பாரு. அதுக்கப்பறம்தான் அலையோ பஸ்ஸோ, இன்னா வேணுமோ அது. இருநூத்திச் சொச்சம் பதிவு கீது."

மேசையைச் சுற்றி அவனிடம் போனேன். "அப்படின்னா இருநூறு தடவை அவன் பேர அவனே சொல்லியிருக்கானா? போடுடா, ஒண்ணே ஒண்ணு போடு."

பாபுவின் முகம் சாம்பல் பூத்துப் போனது. "புடிக்கிறவன் சத்தம் உள்ள வரக் கூடாதுன்னு அண்ணன் சொல்லிகினே இருப்பாருக்கா. அதான் நிகழ்ச்சிக்குன்னு எல்லாத்தயும் சுத்தம் பண்ணேன். ஆறு மாசம் ஒக்காந்து பண்ணேன். அவர் பேசறது, இருமறது, கல்லு மேல காலு படறது, எல்லாத்தயும் வெட்டிட்டேன்."

"வெட்டினது எங்க?"

"டிஸ்க்குல எடம் இல்லைன்னு பழசு மேலயே எழுதிட்டேன்க்கா. மெமரி கார்டெல்லாம் வேற வேலைக்கு அழிச்சிட்டோம்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. தைப்பிங்கில் அப்படிக் கத்தியிருந்தால் மலாய், சீன, தமிழ் என்று எல்லா இனத்து மக்களும் வெளியே வந்திருப்பார்கள். ஒருவன் செத்துப் போனால் அவன் சட்டையைத் துவைக்காமல் வைத்திருப்பார்கள். இவன் ஆறு மாதம் உட்கார்ந்து, அன்பாக, கவனமாக, ஒரு இடம் விடாமல் என் தம்பியைத் துடைத்து எடுத்திருக்கிறான். அதுவும் அவன் சொன்ன பேச்சுக்கு மரியாதை கொடுப்பதாக நினைத்து. பாபு நின்ற இடத்திலேயே நின்று வாங்கிக்கொண்டான். பிறகு உள்ளே போய்ச் சங்கரா மீன் குழம்பும் சோறும் கொண்டு வந்து வைத்துவிட்டு வெளியே போனான். சாப்பிடக் கூடாது என்றுதான் இருந்தேன். சாப்பிட்டேன். குழம்பு பிரமாதமாக இருந்ததும் கோபமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை பாபு எஸ்தர் வீட்டுக்குப் பைக்கோடு வந்தான். இரவு முழுக்கப் போன் போட்டு விசாரித்திருக்கிறான். தியாகுவோடு பழகிய இரண்டு பேரிடம் ஏதாவது இருக்கலாம். ஏறி உட்கார்ந்தேன். நான் பேசவில்லை. அவனும் பேசவில்லை. பொத்தேரி வரைக்கும் என் முதுகெலும்பு மட்டும் பேசியது.

பொத்தேரியில் எங்கு பார்த்தாலும் மாணவர்கள், எங்கு பார்த்தாலும் ஃப்ரைட் ரைஸ். காலை பத்து மணிக்கு ஒருவன் நூடுல்ஸ் சாப்பிடுகிறான். கேட்டால் இதுதான் நாஸ்தா என்கிறான். விடுதி வாசலில் ஒரு மாணவி இறங்கி வந்தாள். தியாகு நடத்திய பயிற்சிக்கு வந்தவள். அவள் போனில் ஒரு வீடியோ இருந்தது. பார்த்தேன். தம்பி நடுவில் நிற்கிறான், இளைத்திருக்கிறான், மைக்கைக் காட்டுகிறான், உதட்டில் விரல் வைக்கிறான், கையை மெல்லக் கீழே இறக்கிக் காட்டுகிறான். பதிவு ஓடும்போது எல்லாவற்றையும் சைகையில்தான் சொல்லிக் கொடுப்பானாம். முழு வீடியோவிலும் எங்கோ கத்துகிற காகம் மட்டும்.

"ஆன்ட்டி, இப்ப சாஃப்ட்வேர் இருக்கு. கொஞ்சம் குரல் இருந்தா போதும், அவர் பேசற மாதிரியே செஞ்சிடலாம்" என்றாள் அந்தப் பெண், உண்மையான அக்கறையோடு.

"அந்தக் கொஞ்சத்தைத்தானேம்மா தேடிக்கிட்டு இருக்கேன். அதுவும் எங்கம்மா என்ன, செய்தி வாசிக்கவா கூப்பிடுறாங்க அவனை?" என்றேன். அவள் பயந்துபோய்விட்டாள். பாவம். பிறகு அவளுக்கு ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன்.

அங்கிருந்து முட்டுக்காடு. படகுக் குழாமில் உல்லாசப் படகுக்கு வரிசை நின்றது. நாங்கள் அதைத் தாண்டிப் பாலத்துக்குக் கீழே போனோம். வலை பிரித்துக்கொண்டிருந்த படகுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த மலேசியாக்காரு அக்காவா நீ? அதே மூஞ்சி." ஒரு வருடம் முழுக்க வாரா வாரம் தியாகுவைக் கழிமுகத்தில் கொண்டுபோனவர்.

"அவன் குரல் எதாச்சும் போன்ல இருக்காண்ணே?"

"என் போன்ல கேமராவே இல்லம்மா. அதுவும் படகுல ஏறிட்டா வாயத் தொறக்க வுடமாட்டாரு. பீடி புடிச்சா, 'அண்ணே, பீடி எரியற சத்தம் கேக்குது'ம்பாரு. இன்னாய்யா பேஜாரா கீதுன்னு நான் எழுந்தா, 'ஒரே நிமிசம் லா அண்ணே, சும்மா இருங்க லா'ம்பாரு."

அந்த 'லா' அப்படியே எங்கள் ஊர்ப் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டிக்கொள்ளும் 'லா'. முழங்காலைக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய், "நான் இன்னா சொல்லிட்டேன்?" என்று பாபுவைக் கேட்டார். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். இன்னொரு முறை. நான்காம் முறை அவர் குரலே உடைந்துவிட்டது. கிளம்பும்போது ஓலையில் சுற்றி இரண்டு மடவை மீன் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அன்று அம்மாவுக்குப் போன் செய்யவில்லை. என்ன சொல்வது? வாங்கி வரச் சொன்னது கிடைக்கவில்லை என்றா?

நான்காம் நாள் ஞாயிறு, நிகழ்ச்சி. நான்கு மணிக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள்: சென்னையிலிருந்து காதுவளையம் போட்ட கூட்டம், பொத்தேரி மாணவர்கள், எஸ்தரின் தெருக்காரர்கள், பக்கத்துக் குப்பத்து மீனவர்கள். எனக்கு முன்னால் கட்டட வேலை செய்யும் இரண்டு வடநாட்டு இளைஞர்கள் நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எஸ்தர் என் காதில் தமிழில் சொன்னாள்: "கச்சேரின்னு சொல்லிக் கூட்டினு வந்தாங்க, இப்ப தண்ணித் தொட்டிக்குள்ள எறங்கச் சொல்றாங்க, நம்பலாமான்னு கேக்கறாங்க." மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தேன்.

முதல் தொட்டியில் ஒருவர் பிளாஸ்டிக் குடங்களை வைத்து வாசித்தார். எனக்குப் பிடித்தது. இரண்டாவதில் அலைநுரையைத் தலைகீழாகக் காட்டும் வீடியோ. எனக்குத் தலை சுற்றியது, அதற்கு மேல் புரியவில்லை. அடுத்த மூன்றில் தம்பி பிடித்த சத்தங்கள் ஓடின: வலை இழுப்பது, சிற்பக்கூடத்தில் உளி, மழையில் நிற்கும் பஸ்.

எஸ்தர் அச்சடித்த சிறு புத்தகத்தை எல்லாருக்கும் கொடுத்தாள். தியாகுவின் நோட்டுப் புத்தகம்தான் அது, பக்கத்துக்கு ஓர் இடம். ஆளுக்கொரு பக்கம் எழுந்து வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். என் முறை வந்தது. எனக்கென்று எஸ்தர் எடுத்து வைத்திருந்த பக்கத்தை வாசித்தேன். "மாமல்லபுரம் பஸ் நிலையம். டீ ஆற்றும் சத்தம். சரியில்லை, குட்டையாக இருக்கிறது. அக்கா ஆற்றினால் நீளமாக வரும். ஊருக்குப் போனால் முதலில் அதைப் பிடிக்க வேண்டும்."

வாசித்தேன் என்று சொல்கிறேனே தவிர, பாதிக்கு மேல் எஸ்தர்தான் வாசித்தாள். நாய் பிடிக்கிறவனோடு அவனை ஒப்பிட்ட இந்த அக்கா டீ ஆற்றுகிற சத்தத்தை அவன் அங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? நான் ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா?

கூட்டம் பஜ்ஜிக்குப் போனபோது பாபு வந்து, "ஆறாவது தொட்டிய நீ பாக்கலியேக்கா" என்றான். அதில் ஒன்றும் ஓடவில்லை என்றேன். "ஓடுதுக்கா. அண்ணன் சும்மா புடிச்ச நிமிசங்கள மட்டும் கோத்துப் போட்டுக்கீறேன்" என்றான். முழங்கால் முனக ஏணியில் இறங்கினேன். ஒருவருமில்லை. பாபு என் காதில் கருவியை மாட்டிவிட்டு, எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்தான்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில் தண்ணீர். ஏதோ பூச்சி. அதன் பிறகு, மிக அருகில், என் காதுக்கும் தோளுக்கும் நடுவில், ஒருவர் மூச்சு விட்டார். கருவியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பாபு எட்டத்தில் இருந்தான். மறுபடி மாட்டினேன். அந்த மூச்சு உள்ளே போய், லேசாக விசில் அடித்து, வெளியே வந்தது.

"பாபு. இது யாரு?"

அவன் வாங்கிக் கேட்டான். சத்தத்தைக் கூட்டிக் கேட்டான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "அண்ணன் மூச்சுதான். இதுல ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சிதான்க்கா நான் கைய வைக்கல" என்றான்.

எங்கள் ஊரில் அப்போது இரவு எட்டரை இருக்கும், அம்மா சாப்பிட்டு உட்கார்ந்திருப்பார். போனைக் கருவியில் வைத்துக் கேட்கவைக்கப் போனேன். பாபு தடுத்தான். பேச்சு இல்லாத சத்தத்தைப் போனே அமுக்கிவிடுமாம். அந்த ஒரு நிமிடத்தை அப்படியே என் மகளுக்கு அனுப்பினான். சுபா அதைத் தன் போனில் போட்டு அம்மாவின் காதருகே வைக்க, வீட்டுப் போனுக்கு அழைத்துவிட்டு நான் இந்தப் பக்கம் காத்திருந்தேன். பேசினதுதான் வேண்டும் என்று கேட்ட அம்மாவுக்குப் பேசாததை அனுப்பியிருக்கிறேன். என்ன சொல்வாரோ.

அங்கே நிமிடம் முடிந்தது. அம்மா மறுபடி போடச் சொன்னது கேட்டது. முடிந்தது. மறுபடி. பிறகு போனை வாங்கினார்.

"மூக்கடைச்சிருக்கே அவனுக்கு" என்றார். "சின்னதுல இருந்தே பனி ஒத்துக்காது. காலங்காத்தால தண்ணிக்கிட்ட போய் நின்னிருக்கான். அங்க யாருமே ஒரு தைலம் தேய்ச்சிவிடலையா புள்ளைக்கு?"

பாபுவுக்கும் கேட்டிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் தொட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தேய்ச்சிவிட்டாங்கம்மா" என்றேன். "இங்க பாபுன்னு ஒரு தம்பி இருக்கான். அவன்தான் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிட்டான்."

"அவன்கிட்ட குடு போனை" என்றார் அம்மா.